பெல்ட்டுக்குப் பணமா, பயிற்சிக்குப் பணமா?

கராத்தே, சிலம்பப் பள்ளிகளின் கட்டணம் பற்றி ஓர் அலசல்

(நமது மைசூர் நிருபர்)

ராமாபுரம், மைசூர்:

ஆண்டுதோறும் ஜூன் மாதம் பிறந்து பள்ளிக்கூடங்கள் திறந்துவிட்டால், மைசூரில் குடியிருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களுக்குப் பள்ளிக் கட்டணம், புத்தகம், சீருடை, வேன் வாடகை என்ற நான்கு செலவுகள் காத்திருக்கும். சில ஆண்டுகளாக இவற்றோடு ஐந்தாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. அதுதான் "கராத்தே கிளாஸ்".

ராமாபுரத்தில் மாலை ஆறு மணிக்குத் தெருவில் நின்று பார்த்தால் போதும். வெள்ளை உடுப்பும், இடுப்பில் மஞ்சள், பச்சை, நீலப் பட்டையுமாகப் பிள்ளைகள் போய்க்கொண்டிருக்கிறார்கள். மின்கம்பத்துக்கு மின்கம்பம் விளம்பரத் தட்டி. கராத்தே, டேக்வாண்டோ, குங்ஃபூ, சிலம்பம், களரி என்று பெயர்கள் மட்டும் வேறு. "குறைந்த கட்டணம், விரைவில் பிளாக் பெல்ட், அரசு வேலையில் முன்னுரிமை" என்ற மூன்று வாக்குறுதிகள் மட்டும் எல்லாவற்றுக்கும் பொது.

இந்த மூன்றும் எந்த அளவுக்கு உண்மை? மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் ஒருவர், பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது? கேட்கும் கட்டணம் நியாயம்தானா என்று எப்படிக் கண்டுகொள்வது? இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மைசூருக்குப் புதிதல்ல

சண்டைக் கலை மைசூருக்கு ஜப்பானிலிருந்து வந்து சேர்ந்ததல்ல. இந்நகரின் பழைய தெருக்களில் "கரடி மனை"கள் பல தலைமுறைகளாக இருந்து வருகின்றன. புதிதாக இங்கே வரும் தமிழர் சிலர் பெயரைக் கேட்டுக் கரடி வளர்க்கும் இடமோ என்று மிரளுவதுண்டு. பயப்பட வேண்டியதில்லை. கன்னடத்தில் அது மல்யுத்தப் பயிற்சிக் கூடத்தைக் குறிக்கும் சொல். நம் பழைய தமிழ் அகராதிகளிலும் "கரடிக்கூடம்" என்ற சொல் இதே பொருளில் உண்டு.

தசரா நாட்களில் இங்கு நடக்கும் குஸ்திப் போட்டிகளும், விஜயதசமியன்று அரண்மனையில் ஜெட்டி வகுப்பார் நடத்தும் வஜ்ரமுஷ்டி சண்டையும் நாடறிந்தவை. கையில் வஜ்ரமுஷ்டி என்னும் ஆயுதத்தைப் பூட்டிக்கொண்டு இருவர் மோதுவார்கள். ஒருவர் தலையில் ரத்தம் துளிர்த்ததும் சண்டை நிறுத்தப்படும். சில விநாடிகளில் முடிந்துவிடும் இந்தச் சடங்குக்காகப் பல மாதங்கள் பயிற்சி செய்கிறார்கள்.

இந்தப் பழைய கூடங்களில் மாதக் கட்டணம் என்ற பேச்சு முக்கியமாக இருந்ததில்லை. மண்ணைக் கிளறுவது, கூடத்தைப் பெருக்குவது, பண்டிகைக்குத் தட்சணை வைப்பது என்று மாணவன் கடனைத் தீர்த்தான். நம் ஊர்ச் சிலம்ப ஆசான்களும் வெற்றிலை பாக்கில் வைத்துக் கொடுத்த தட்சணையை வாங்கிக்கொண்டுதான் கம்பை எடுத்துக் கொடுத்தார்கள். பக்கத்துக் கேரளத்தில் வடகரையைச் சேர்ந்த களரி ஆசிரியை மீனாட்சி அம்மாள் இன்னமும் இந்த முறையைக் கைவிடவில்லை. 2017-ல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவருடைய களரியில் நிர்ணயக் கட்டணம் கிடையாது. மாணவர் விரும்பித் தருவதே குருதட்சணை.

அதற்காக எல்லோரும் இலவசமாகக் கற்றுத்தர வேண்டும் என்று சொல்ல வரவில்லை. வாடகைக்கு மண்டபம் எடுத்து, விளக்கு, விரிப்பு, காப்புக் கவசம் எல்லாம் வாங்கிப் போட்டு, இதையே பிழைப்பாகக் கொண்டிருக்கும் ஆசிரியருக்கு நியாயமான கட்டணம் தரத்தான் வேண்டும். எதற்குத் தருகிறோம் என்பதுதான் கேள்வி. பயிற்சிக்கா? பட்டைக்கா?

பட்டை வந்த கதை

கராத்தே என்றாலே பெல்ட் என்று நாம் நினைக்கிறோம். ஆனால் பெல்ட் கராத்தேயின் சொந்தச் சொத்தல்ல. ஜப்பானில் ஜிகோரோ கானோ என்பவர் 1882-ல் கோடோகான் என்ற ஜூடோ பள்ளியைத் தொடங்கினார். மாணவரின் தேர்ச்சியைப் பிரித்துக் காட்ட "டான்" என்ற படிநிலைகளை ஏற்படுத்தியவர் அவரே. ஒகினாவாத் தீவிலிருந்து 1922-ல் தோக்கியோ வந்து கராத்தேயைப் பரப்பிய கிச்சின் ஃபுனகோஷி, கானோவைப் பின்பற்றி 1924-ல் தம் மாணவர்களுக்கு டான் பட்டம் தந்தார். இப்போது நாம் பார்க்கும் வானவில் வரிசை, அதாவது மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, நீலம் என்ற பல நிறப் பட்டைகள், 1930-களில் பாரிஸ் நகரில் ஜூடோ கற்பித்த கவாய்ஷி என்ற ஜப்பானியர் வழியாகப் பரவியவை. தேர்ச்சி அடிக்கடி கண்ணில் தெரிந்தால் மாணவர்கள் சலிப்படையாமல் தொடர்ந்து வருவார்கள் என்பதே அதன் நோக்கம்.

நோக்கம் நல்லதுதான். ஆனால் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தேர்வு, ஒவ்வொரு தேர்வுக்கும் ஒரு கட்டணம் என்று ஆனபோது, பட்டையே வியாபாரச் சரக்காகிவிட்டது. நான்கு நிறம் இருந்த இடத்தில் எட்டு நிறம். எட்டு போதாதென்று நடுவில் கோடு போட்ட பட்டை. நிறம் கூடக் கூட வரவும் கூடுகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தேர்வு வைத்து, கட்டணம் கட்டிய பிள்ளைகள் எல்லோரும் தேறிவிட்டார்கள் என்றால் அதைத் தேர்வு என்று எப்படிச் சொல்வது?

ஒரு பள்ளியின் யோக்கியதையை அறிய எளிய வழி ஒன்று உண்டு. "சென்ற முறை நடந்த பெல்ட் தேர்வில் எத்தனை பேர் தவறினார்கள்?" என்று கேட்க வேண்டும். "ஒருவரும் தவறவில்லை" என்ற பதில் பெருமைக்குரியதல்ல.

சான்றிதழின் மதிப்பு

"சார், பையன் பிளாக் பெல்ட் வாங்கிட்டான்னா ரயில்வேயில ஸ்போர்ட்ஸ் கோட்டாவில வேலை கிடைக்குமாமே, மாஸ்டர் சொன்னார்" என்று எங்கள் அலுவலகத்துக்கு வந்து விசாரிக்கும் தகப்பனார்கள் பலர். அசோகபுரம் ஒர்க்ஷாப்பில் வேலை பார்க்கும் நம்மவர்களும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள்.

அவர்களுக்குச் சொல்ல வேண்டிய உண்மை இது: ரயில்வேயின் விளையாட்டு ஒதுக்கீட்டில் பட்டையின் நிறத்துக்கு இடமில்லை. அங்கீகாரம் பெற்ற சம்மேளனம் நடத்திய தேசிய, சர்வதேசப் போட்டிகளில், அல்லது அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டிகளில் விண்ணப்பதாரர் ஆடியிருக்க வேண்டும், இடம் பிடித்திருக்க வேண்டும். எந்தெந்த விளையாட்டுக்கு எத்தனை இடம் என்பதும் ஒவ்வொரு அறிவிப்பிலும் பட்டியலாக வரும். பட்டியலில் இல்லாத விளையாட்டில் எத்தனை பட்டம் வாங்கியிருந்தாலும் விண்ணப்பம் தள்ளப்படும்.

இங்கேதான் "அங்கீகாரம்" என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். நம் நாட்டுக் கராத்தே அமைப்புகளின் பூசல் ஊரறிந்த விஷயம். இந்தியக் கராத்தே சங்கத்தின் உறுப்பினர் தகுதியை உலகக் கராத்தே சம்மேளனம் 2020-ல் பறித்தது. அதே ஆண்டு இந்திய ஒலிம்பிக் சங்கமும் அங்கீகாரத்தை ரத்து செய்தது. பின்னர் வேறோர் அமைப்பு உலகச் சம்மேளனத்தில் இடம்பெற்றது. டேக்வாண்டோவிலும் போட்டி அமைப்புகள் நீதிமன்றம் ஏறின. மேலே இப்படி என்றால், கீழே தெருவுக்குத் தெரு "அகில இந்திய", "சர்வதேச", "உலக" என்ற அடைமொழியோடு சங்கங்கள் முளைத்திருப்பதில் வியப்பில்லை. பத்துப் பள்ளிகள் தங்களுக்குள் நடத்திக்கொள்ளும் போட்டிக்கு "தேசியப் போட்டி" என்று பெயர் சூட்டித் தங்கப் பதக்கமும் தருகிறார்கள். அந்தப் பதக்கம் வீட்டு அலமாரிக்கு அழகு சேர்க்கும். வேலை வாங்கித் தராது.

ஒலிம்பிக் கனவு காண்பவர்களும் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. 2021-ல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் கராத்தே முதல் முறையாக இடம்பெற்றது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இல்லை. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் பட்டியலிலும் இல்லை. டேக்வாண்டோ 2000 சிட்னி முதல் பதக்க விளையாட்டாக இருந்து வருகிறது. ஜூடோ, குத்துச்சண்டை, மல்யுத்தம் ஆகியவை அதற்கும் வெகு காலம் முந்தியவை. உஷூ என்ற சீனக் கலை ஒலிம்பிக்கில் இல்லாவிட்டாலும் 1990 முதல் ஆசிய விளையாட்டில் உண்டு. 2023-ல் ஹாங்ஜோவில் மணிப்பூர்ப் பெண் ரோஷிபினா தேவி அதில் வெள்ளிப் பதக்கம் வென்றார். போட்டிக்காகவே பிள்ளையைச் சேர்ப்பவர்கள் இந்த விவரங்களைப் பார்த்துச் சேர்க்க வேண்டும்.

டேக்வாண்டோவில் கருப்புப் பட்டைக்கான சான்றிதழைத் தென்கொரியத் தலைநகர் சியோலில் 1972-ல் நிறுவப்பட்ட குக்கிவான் வழங்குகிறது. சான்றிதழில் எண் இருக்கும். 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு "டான்" தரமாட்டார்கள், "பூம்" என்ற தகுதிதான் தருவார்கள். ஆகவே எட்டு வயதுப் பையனுக்கு டேக்வாண்டோ "டான்" என்று யாராவது சொன்னால், சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள்.

மாதக் கட்டணம் சொல்லாத கணக்கு

இனிக் கட்டண விஷயத்துக்கு வருவோம். விளம்பரத் தட்டியில் இருப்பது மாதக் கட்டணம் மட்டுமே. சேர்ந்த பிறகுதான் மற்றவை ஒவ்வொன்றாகத் தலை நீட்டும். சேர்க்கைக் கட்டணம், உடுப்பு, பெல்ட் தேர்வு, போட்டிக்கான நுழைவுக் கட்டணம், வெளியூர் முகாம், ஆண்டு விழா என்று பட்டியல் நீளும்.

விளங்குவதற்காக ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இவை எந்தப் பள்ளியின் கட்டணமும் அல்ல, உதாரணத்துக்குச் சொல்லும் தொகைகள்.

முதல் பள்ளியில் மாதம் ரூ.800. ஆண்டுக்கு ரூ.9,600. சேர்க்கைக் கட்டணம் ரூ.1,000. உடுப்பு ரூ.1,500. ஆண்டில் நான்கு பெல்ட் தேர்வு, ஒன்றுக்கு ரூ.1,000 வீதம் ரூ.4,000. இரண்டு போட்டிகள், ஒன்றுக்கு ரூ.1,500 வீதம் ரூ.3,000. ஆக மொத்தம் ரூ.19,100.

இரண்டாவது பள்ளியில் மாதம் ரூ.1,200. ஆண்டுக்கு ரூ.14,400. உடுப்பு ரூ.1,500. ஆண்டில் இரண்டே தேர்வு, ஒன்றுக்கு ரூ.500 வீதம் ரூ.1,000. சேர்க்கைக் கட்டணம் இல்லை, போட்டிக்குக் கட்டாயம் இல்லை. ஆக மொத்தம் ரூ.16,900.

மாதம் ரூ.400 அதிகம் என்று நாம் ஒதுக்கிய பள்ளி, ஆண்டு முடிவில் ரூ.2,200 மலிவாக முடிகிறது.

இதோடு நிறுத்தாமல் மணிக் கணக்கையும் பார்க்க வேண்டும். வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் என்றால் ஆண்டுக்கு 156 மணி. பரீட்சை, பண்டிகை, மழை என்று 26 மணி கழித்தால் மிச்சம் 130. முதல் பள்ளியில் ஒரு மணி நேரப் பயிற்சிக்கு நாம் தருவது ஏறக்குறைய ரூ.147. இரண்டாவதில் ரூ.130. எந்தப் பள்ளியானாலும் ஓராண்டில் மொத்தம் என்ன ஆகும், அதற்கு எத்தனை மணி நேரப் பயிற்சி கிடைக்கும் என்ற இரண்டையும் கேட்டு வகுத்துப் பார்த்துவிட்டால் ஏமாற வேண்டியதில்லை.

சில இடங்களில் "ஜி.எஸ்.டி. தனி" என்கிறார்கள். ஆண்டு வரவு ரூ.20 லட்சத்தைத் தாண்டாத சேவை நிறுவனங்கள் பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு செய்ய வேண்டியதில்லை. பதிவு செய்யாதவர் அந்த வரியை வசூலிக்கவும் கூடாது. ஆகவே வரி கேட்டால், பதிவு எண் அச்சிட்ட ரசீதைக் கேளுங்கள்.

ஒரு மணியில் எத்தனை நிமிடம்?

பணக் கணக்கைப் போல ஆள் கணக்கும் ஒன்று உண்டு. ஒரே ஆசிரியர், நாற்பது பிள்ளைகள், ஒரு மணி நேரம் என்றால் ஒரு பிள்ளையின் மேல் ஆசிரியரின் கண் படுவது ஒன்றரை நிமிடம். பதினைந்து பிள்ளைகள் என்றால் நான்கு நிமிடம். கால் வைக்கும் முறையில் தப்பு இருந்தால் உடனே திருத்தப்பட வேண்டும். ஒரு வருடம் தப்பாகவே உதைத்துப் பழகிய முழங்காலைப் பிறகு சரி செய்வது கடினம்.

எனவே சேர்ப்பதற்கு முன் ஒரு மாலை முழுவதும் ஓரமாக உட்கார்ந்து வகுப்பைப் பாருங்கள். பெயருக்குத்தான் மாஸ்டர் இருக்கிறாரா, அவரே கற்பிக்கிறாரா? பெரிய மாணவன் ஒருவனிடம் விட்டுவிட்டு அவர் போனில் பேசிக்கொண்டிருக்கிறாரா? தரையில் விரிப்பு உண்டா, வெறும் சிமெண்டுத் தரையா? மோதிப் பழகும்போது தலைக்கும் மார்புக்கும் கவசம் போடுகிறார்களா? அடிபட்டால் முதலுதவிப் பெட்டி எங்கே இருக்கிறது? விழுவது எப்படி என்பதை முதலில் சொல்லிக் கொடுக்கிறார்களா? ஓடு உடைப்பதையும் செங்கல் உடைப்பதையும் காட்டி ஆள் சேர்க்கும் பள்ளியைவிட, விழக் கற்றுத்தரும் பள்ளி மேல்.

ஆசிரியரின் தகுதியைக் கேட்பதில் வெட்கப்பட வேண்டியதில்லை. 1961 முதல் நடந்து வரும் பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தில் பயிற்சியாளர் பட்டயம் பெற்றவர்கள் இருக்கிறார்கள். உடற்கல்விப் பட்டம் பெற்றவர்கள் இருக்கிறார்கள். எந்தப் பட்டயமும் இல்லாமல் இருபது ஆண்டு அனுபவத்தால் தேர்ந்த ஆசான்களும் உண்டு. அவர்களைக் குறைவாக எண்ணக்கூடாது. அவர்களிடம் ஐந்தாறு ஆண்டுகள் தொடர்ந்து கற்ற மாணவர்கள் இருக்கிறார்களா என்று பார்த்தால் போதும். பழைய மாணவர் ஒருவரும் இல்லாத பள்ளியில் ஏதோ கோளாறு இருக்கிறது.

ரசீது வாங்காத குமாஸ்தா

இதையெல்லாம் எழுதும் நானே ஏமாந்தவன்தான். சில ஆண்டுகளுக்கு முன் என் மகனை ஒரு வகுப்பில் சேர்த்தேன். "ஒரு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டினால் இரண்டு மாதம் இலவசம்" என்றார்கள். கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கிக் கட்டினேன். நான்காவது மாதம் ஒரு நாள் பையன் போன வேகத்தில் திரும்பி வந்தான். "மண்டபம் பூட்டியிருக்குப்பா" என்றான். மறுநாளும் பூட்டு, மறுவாரமும் பூட்டு. வாடகைத் தகராறில் காலி செய்துவிட்டார்கள் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். போன் எடுக்க ஆளில்லை.

புகார் கொடுக்கலாம் என்றால் கையில் ரசீது இல்லை. நாள் முழுவதும் அலுவலகத்தில் ஐந்து ரூபாய்க்கும் ரசீது கிழித்துக் கொடுப்பவன், ஆயிரக்கணக்கில் கொடுத்த பணத்துக்கு ரசீது கேட்கவில்லை. "மாஸ்டரிடம் போய் ரசீது கேட்பதா?" என்ற கூச்சம்தான் காரணம். பணம் போனது போகட்டும். மூன்று மாதமாக வீட்டுக் கூடத்தில் குதித்துக்கொண்டிருந்த பையன், அதன் பிறகு எந்த வகுப்புக்கும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான். அதுதான் இன்றுவரை மனசை உறுத்துகிறது.

ஆகவே என் அனுபவத்தில் சொல்வது: மாதா மாதம் கட்டுங்கள். மீறினால் மூன்று மாதம். அதற்கு மேல் முன்பணம் வேண்டாம். ஒவ்வொரு தடவையும் ரசீது வாங்குங்கள், அல்லது வங்கி மூலம் செலுத்துங்கள். பாதியில் நின்றால் பணம் திரும்ப உண்டா என்பதை எழுத்தில் கேளுங்கள். தகராறு வந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ரூ.5 லட்சம் வரையுள்ள வழக்குகளுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் அங்கே முதலில் கேட்பது ரசீதைத்தான்.

பெண் பிள்ளைகள் விஷயம்

மகளைத் தற்காப்புக் கலையில் சேர்க்கும் பெற்றோர் பெருகி வருவது வரவேற்கத்தக்கது. ஹைதர் அலியின் படையாட்கள் சித்திரதுர்க்கக் கோட்டைச் சுவரின் சந்து வழியாக நுழைந்தபோது, உலக்கையால் அடித்து வீழ்த்திய ஒனகே ஓபவ்வாவைக் கன்னட நாடு இன்றும் கொண்டாடுகிறது. அவர் பெயரிலேயே விடுதி மாணவியருக்குத் தற்காப்புப் பயிற்சித் திட்டம் ஒன்றைக் கர்நாடக அரசு தொடங்கியது. மத்திய அரசின் சமக்ர சிக்ஷா திட்டத்திலும் ராணி லட்சுமிபாய் பெயரால் அரசுப் பள்ளிகளில் 6 முதல் 12 வரை படிக்கும் மாணவியருக்கு மூன்று மாதப் பயிற்சிக்கு வழியுண்டு. அதற்காகப் பள்ளிக்கு மாதம் ரூ.5,000 ஒதுக்கப்படுகிறது. உங்கள் மகள் அரசுப் பள்ளியில் படித்தால், இந்தப் பயிற்சி நடக்கிறதா என்று தலைமை ஆசிரியரைக் கேளுங்கள். கேட்காத இடத்தில் பல திட்டங்கள் ஏட்டிலேயே உறங்கிவிடும்.

ஆனால் கசப்பான ஒரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் கராத்தே ஆசிரியர்கள் சிலர் மீதே போக்சோ சட்டத்தின் கீழ் வழக்குகள் பதிவானதைச் செய்தித்தாள்களில் படித்திருக்கிறோம். தொட்டுத் திருத்தித்தான் கற்பிக்க முடியும் என்ற கலை இது. ஆசிரியர் சொல்லை மறுக்கக்கூடாது என்பதும் இதன் மரபு. இந்த இரண்டும் சேரும் இடத்தில் கெட்ட எண்ணம் கொண்ட ஒருவனுக்கு வழி திறந்துவிடுகிறது. பெரும்பாலான மாஸ்டர்கள் கண்ணியமானவர்கள் என்பதில் சந்தேகமில்லை. கண்ணியமானவர்கள் பெற்றோர் வந்து உட்கார்ந்து பார்ப்பதை எதிர்க்கவும் மாட்டார்கள். "பெற்றோர் உள்ளே வரக்கூடாது" என்று எழுதி வைத்திருக்கும் இடத்தில் பிள்ளையைச் சேர்க்க வேண்டாம். தனி வகுப்பு, இரவு நேர வகுப்பு, பெண் துணை இல்லாத வெளியூர் முகாம் ஆகியவற்றுக்குச் சம்மதிக்க வேண்டாம்.

வகுப்புக்குப் போக மாட்டேன் என்று பிள்ளை திடீரென்று அடம் பிடித்தால், "பணம் கட்டியாச்சு, போ" என்று விரட்டாதீர்கள். உட்கார வைத்துக் காரணத்தைக் கேளுங்கள். கட்டிய பணம் பிள்ளையைவிடப் பெரிதல்ல. 1098 என்ற குழந்தைகள் உதவி எண் வீட்டிலுள்ள எல்லோருக்கும் மனப்பாடமாக இருக்கட்டும்.

சிலம்பமா, கராத்தேயா?

கன்னட மண்ணில் வளரும் பிள்ளைக்குத் தமிழ்க் கலை ஒன்றாவது தெரியட்டும் என்று சிலம்பத்தை நாடுவோர் நம்மவரில் கணிசமாக இருக்கிறார்கள். எம்.ஜி.ஆர். படங்களில் கம்பு சுழன்றதைக் கண்டு கைதட்டிய தலைமுறையின் பேரப்பிள்ளைகள் இவர்கள். செலவிலும் சிலம்பம் எளியது. ஆளின் நெற்றி உயரத்துக்கு ஒரு கம்பு இருந்தால் பாடம் தொடங்கிவிடலாம். திறந்த வெளி போதும். நிறப் பட்டை என்ற பேச்சு மரபில் இல்லை. எனினும் இப்போது சில இடங்களில் சிலம்பத்துக்கும் பெல்ட், கிரேடு என்று தொடங்கிவிட்டார்கள். மரபில் இல்லாத செலவைக் கேட்டால், எதற்கு என்று கேட்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு.

தமிழ்நாட்டு அரசு 2021-ல் அரசு வேலைகளுக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பத்தைச் சேர்த்தது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டியில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. இவை பெருமைக்குரிய செய்திகள். ஆனால் ஒதுக்கீடு தமிழ்நாட்டு அரசின் ஆணை. கர்நாடகத்தில் பிறந்து, கர்நாடகத்தில் படித்து, இங்கேயே வேலை தேடப்போகும் நம் பிள்ளைகளுக்கு அது தானாக வந்து சேராது. இதைச் சொல்லாமல் "சிலம்பம் கற்றால் அரசு வேலை" என்று மைசூரில் விளம்பரம் செய்வது பாதி உண்மை.

எது உயர்ந்த கலை என்ற வாதம் தேவையற்றது. வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில், நல்ல ஆசிரியரிடம் கிடைக்கும் எந்தக் கலையும் நல்ல கலைதான். பெயர் பெற்ற கலையை மோசமான ஆசிரியரிடம் கற்பதில் பயனில்லை. நஜர்பாத்தில் உள்ள சாமுண்டி விஹார் ஸ்டேடியத்தில் எந்தெந்த விளையாட்டுக்குப் பயிற்சி தருகிறார்கள், கட்டணம் என்ன என்று முதலில் விசாரித்துவிட்டுத் தனியார் பள்ளிக்குப் போவது புத்திசாலித்தனம்.

அரசு செய்ய வேண்டியது

பிள்ளைகளின் உடம்போடு சம்பந்தப்பட்ட தொழில் இது. என்றாலும் கராத்தே ஆசிரியருக்கென்று தனி உரிமம் கேட்கும் மத்தியச் சட்டம் எதுவும் கிடையாது. நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம், தேசியச் சம்மேளனங்களை அங்கீகரிக்க ஒரு வாரியத்துக்கும், தகராறுகளைத் தீர்க்க ஒரு தீர்ப்பாயத்துக்கும் வழி செய்திருக்கிறது. மேலிடத்துப் பூசல்கள் இதனால் அடங்கினால் நல்லதே. ஆனால் மொட்டை மாடியில் நடக்கும் வகுப்பை அந்தச் சட்டம் எட்டிப் பார்க்காது.

பெரிய சட்டம் எதுவும் கேட்கவில்லை. மாவட்ட விளையாட்டுத் துறை ஒரு பதிவேடு வைக்கலாம். பயிற்சிப் பள்ளிகள் ஆசிரியரின் பெயர், தகுதி, போலீஸ் நன்னடத்தைச் சான்று, ஆண்டு முழுவதற்குமான கட்டண விவரம் ஆகியவற்றை அதில் பதிந்து, அதன் நகலை வாசலில் தொங்கவிட வேண்டும் என்று விதிக்கலாம். ஓட்டலில் விலைப்பட்டியல் மாட்டுவது போலத்தான் இது. நேர்மையான ஆசிரியர்களுக்கு இதனால் நஷ்டமில்லை, லாபமே. பத்து நிறப் பட்டை காட்டி ஆள் பிடிக்கிறவரோடு போட்டி போட முடியாமல் இன்று ஒதுங்கி நிற்பவர்கள் அவர்கள்தான்.

அதுவரை அந்தப் பதிவேட்டைப் பெற்றோர்களே மனதில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். ஒரு மாலை உட்கார்ந்து வகுப்பைப் பாருங்கள். ஆண்டு மொத்தத்தைக் கேட்டு, மணிக் கணக்கால் வகுத்துப் பாருங்கள். கூச்சப்படாமல் ரசீது வாங்குங்கள். ஆறு மாதம் கழித்துப் பிள்ளையின் இடுப்பில் என்ன நிறம் இருக்கிறது என்று பார்க்காதீர்கள். முன்பைவிட நிமிர்ந்து நடக்கிறானா, மூச்சு வாங்காமல் ஓடுகிறாளா, விழுந்தால் அடிபடாமல் எழுந்து நிற்கத் தெரிகிறதா என்று பாருங்கள். அது தெரிந்தால் கொடுத்த பணம் வீண்போகவில்லை.